பக்கம் முடியட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக லிஃப்ட் மெக்கானிக் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மேசைமேல் ஐந்து பாட்டு ரெக்கார்டுகள். எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று மாற்றி மாற்றி அடுக்கினான். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அவனுக்கு அது வாழ்வா சாவா சமாச்சாரம். நான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்ட பெண்டாட்டி ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வருகிறாள். ஐந்து மணிக்கு அவள் அண்ணன் வண்டியோடு வந்து, அவளையும் மிச்சமிருக்கும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நடுவில் நான்கு மணி நேரம். அதற்குள் அவள் மனசு மாறவேண்டும்.

மற்றதெல்லாம் பிரித்தாயிற்று. அலமாரி அவளுக்கு, கட்டில் அவனுக்கு, தையல் மிஷின் அவளுக்கு, மிக்ஸி அவனுக்கு. சண்டையே இல்லை. சண்டை போடக்கூட ஆசை விட்டுப்போன பிறகு வருகிற மரியாதை இருக்கிறதே, அதைவிடக் கொடுமை கிடையாது. இந்த ஐந்து ரெக்கார்டுகள்தான் பாக்கி. கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து போய், சேர்ந்து பொறுக்கி, சேர்ந்து வாங்கியவை. இது உன்னுது, அது என்னுது என்று சொல்ல வழியில்லை.

"ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கலாம். மிச்சம் ஒண்ணுக்குச் சீட்டுப் போட்டுக்கலாம்" என்றாள் போனில்.

"கடைசியா ஒருதரம் கேட்டுட்டுப் பிரிச்சுக்கலாமே" என்றான் அவன்.

"சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யை அவன் மூன்று நாளும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். நப்பாசை பொல்லாதது ஐயா.

அவனுக்கு வேலையிடத்தில் 'காதுக்காரன்' என்று பெயர். லிஃப்ட் மக்கர் பண்ணினால் மற்றவர்கள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். இவன் ஓடமாட்டான். கீழ்த்தளத்தில் மூடிய கதவில் காதை வைத்து நிற்பான். ஒருதரம் மேலே போய்க் கீழே வரச்சொல்வான். "அஞ்சாவது மாடிக் கதவு உருளை தேஞ்சிருக்கு. பிரேக்கும் லேசா உரசுது" என்பான். பெட்டியைத் திறந்து பார்த்தால் அட்சரம் பிசகாமல் அதேதான் இருக்கும். "மீட்டர் எதுக்குப்பா, காதுக்காரனைக் கூப்பிடு" என்பார்கள். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தக் காதுக்கு வாய்த்த பைத்தியம் இண்டி ராக். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெரிய கம்பெனிக்காரன் எவனும் சீந்தாத நாலு பேர் கைக்காசைப் போட்டு, யார் வீட்டுக் குளியலறையிலோ வண்டிக் கொட்டகையிலோ கித்தாரும் டிரம்மும் வைத்துப் பதிவு பண்ணுகிற பாட்டு. ஐந்நூறு ரெக்கார்டு அடிப்பார்கள், முந்நூறு விற்கும், மிச்சம் கட்டிலுக்கடியில் கிடக்கும். அப்படி ஒரு பாண்டு ஒரு செருப்புக்கடைக்குக் கீழே இருந்த கூடத்தில் வாசித்தபோதுதான் அவளைப் பார்த்தான். மொத்தமே நாற்பது பேர். இவன் கித்தார் வாசிப்பவனை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெண் இவன் காதருகே குனிந்து, "அவரை விடுங்க. பாஸ் கித்தார் வாசிக்கிறவரைப் பாருங்க. பாட்டை அவருதான் சுமக்கிறாரு" என்றாள். பார்த்தான். உண்மைதான். ஓரமாக நின்ற ஒரு வழுக்கைத்தலையர் மொத்தப் பாட்டையும் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கு விழுந்தவன்தான் இவன்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள். கூச்சல் போடுகிற குழந்தைகளையெல்லாம் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஆல்பம் என்பது பத்துப் பாட்டை அள்ளிக் கட்டிய மூட்டை இல்லை, அதற்கு முன்பின் உண்டு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வருகிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது என்பது அவன் கட்சி. அதனால் முள்ளை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடிகிறவரை யாரும் பேசக்கூடாது. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பக்கம் முடியட்டும் என்று அர்த்தம். பேசியவர் எழுந்து போய் டீ போடவேண்டும். ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளியில், இது ஏன் மனசில் நிற்கிறது, எது இதைத் தூக்கி நிறுத்துகிறது என்று இருவரும் அலசுவார்கள். புதுப்பெண்டாட்டியோடு விளையாட இப்படியும் ஒரு விளையாட்டு! அது எப்போது விளையாட்டாக இருந்து சட்டமானது என்று இருவருக்குமே தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிறுக்கும் அவன் ஒரு ஆல்பம் போடுவது மாதிரியே வரிசை போட்டான். முதலில் லேசானது, வந்தவளைப் பயமுறுத்தாமல் உட்காரவைப்பது. நடுவில் சிரிப்பும் சண்டையும். கடைசியில் 'மழைக்கோட்டு'. அட்டையில் ஆணியில் தொங்கும் ஒரு மழைக்கோட்டு மட்டும் இருக்கும், அதனால் அந்தப் பெயர். அதுதான் அவனுடைய துருப்புச்சீட்டு. அதற்குக் காரணமும் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றுவலி வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டு அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து அதைத்தான் மெதுவாக வைத்துக் கேட்கவைத்தான். நாலாவது பாட்டில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. ஒரு பாட்டு இவளை இந்தப் பாடு படுத்துகிறதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அது 'நம்ம ரெக்கார்டு'.

சரியாக ஒரு மணிக்கு வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவள் வேலை பார்க்கிற லேபில் டோக்கன் வாங்கியவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் 'குளியலறைக்காரர்கள்'. நிஜமாகவே குளியலறையில் பதிவு பண்ணியது. இரண்டாவது பாட்டில் குழாய் சொட்டுவது கேட்கும். அது தாளத்தோடு ஒட்டி விழுந்ததால் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். பக்கம் முடிந்ததும், "இது ஏன் நிக்குது, சொல்லு" என்றான்.

"தெரியலை" என்றாள் பிடிகொடுக்காமல். அவன் ரெக்கார்டைத் துடைத்து முடிப்பதற்குள் அவளுக்கே தாங்கவில்லை. "அந்த மூணாவது பாட்டுல கோரஸ் ஒரே ஒரு தடவைதான் வருது. இன்னொரு தடவை வரும் வரும்னு உக்காந்திருக்கோம். வரமாட்டேங்குது. அதனாலதான் மறுபடியும் போடத் தோணுது."

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்ததாக 'மூக்கடைப்பான்' போட்டான். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி பாடுகிற ஒரு ஆள். அதில் டிரம் அடிப்பவன் ஒவ்வொரு அடியையும் ஒரு நூல் தாமதமாக வைப்பான். அதை வைத்து இருவருக்கும் பன்னிரண்டு வருஷ வழக்கு.

"தூங்கிக்கிட்டே அடிக்கிறான்" என்றாள்.

"அவன் தூங்கலை, நம்மளைக் காக்க வைக்கிறான். நேரத்துக்கு அடிச்சா அது பள்ளிக்கூட மணி மாதிரில்ல இருக்கும்?"

"ஒத்துக்கவே மாட்டீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்."

சிரித்துவிட்டாள். கைப்பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. மூன்றாவது ரெக்கார்டில் இரண்டு பேர் பாடுவார்கள், அக்காளும் தங்கையும். மேலே போகவேண்டிய இடத்தில் இருவரும் போகமாட்டார்கள், கீழேயே நின்றுகொள்வார்கள். நமக்குத்தான் நெஞ்சு முட்டும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்த மாதிரி நிற்கும், எழுந்து போய்த் திருப்பிப் போடாமல் இருக்க முடியாது. அவன் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்து திருப்பிப் போட்டாள். அதை அவன் மனசுக்குள் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டான்.

நாலாவதுதான் வேடிக்கை. ஒரு காலத்தில் இருவரும் தலையில் வைத்துக் கூத்தாடிய ஆல்பம். இப்போது கேட்டால் சப்பென்று இருந்தது. எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் தொடங்கி ஒரே சத்தத்தில் முடிந்தன. மூச்சு விட இடமில்லை. இரண்டாம் பக்கம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது ஏங்க நமக்குப் பிடிச்சுது?"

"அட்டை நல்லாருந்துது."

"நாம அவ்வளவு மட்டமாவா இருந்தோம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து முடித்தவள் நாற்காலியை விட்டு இறங்கிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அது அவளுடைய பழைய இடம். அவன் சமையலறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். மணி நாலேகால். மீதியை மழைக்கோட்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

அவன் அட்டையிலிருந்து தட்டை உருவியதும் அவள் முகம் மாறியது. "இது வேணாமே" என்றாள்.

"இதுதானேம்மா முக்கியம்."

"வேணாங்க."

பழைய நினைப்பில் நெஞ்சு கனக்கிறது போலிருக்கிறது, நல்ல சகுனம்தான் என்று எடுத்துக்கொண்டான் அந்தப் புத்திசாலி. "கடைசிதானே, ஒரு பக்கம் மட்டும்" என்று கெஞ்சினான். முள்ளை வைத்தான்.

முதல் இரண்டு பாட்டும் அடித்து நொறுக்கும். மூன்றாவது கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைக் குறைத்துக்கொண்டு போகும். முதலில் டிரம் நிற்கும், பிறகு ஒரு கித்தார், பிறகு இன்னொன்று. அது முடிந்ததும் ஆறு விநாடி ஒன்றுமே இருக்காது. ஒன்றுமே என்றால், ஒலிபெருக்கியின் லேசான இரைச்சலும், யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்காரும் கிறீச்சும் இருக்கும். அதையும் துடைக்காமல் விட்டிருப்பார்கள். அதற்கப்புறம் நாலாவது பாட்டு, வாத்தியம் ஏதுமில்லாமல் வெறும் குரலோடு தொடங்கும். ஆல்பம் நிற்பதே அந்த ஆறு விநாடியில்தான் என்று அவன் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். இப்போதும் அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த ஆறு விநாடிக்குள் அவள், "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அவன் விரல் மேலே போனது. சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. நான்கு மாதமாக அவள் மனசு விட்டு ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று தவம் கிடந்தவன், பேசினபோது விரலைத் தூக்கினான் பாருங்கள்! அவனை என்னவென்று சொல்வது? தூக்கிய கணமே அவனுக்கும் உறைத்துவிட்டது. வெடுக்கென்று கையை இறக்கி, "சொல்லு, சொல்லு" என்று பதறினான்.

அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கும் இதே எடம்தான்" என்றாள். "மூணாவது பாட்டு முடிஞ்சு, நாலாவது ஆரம்பிக்கிறதுக்குள்ள."

"என்னைக்கு?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஒரு செவ்வாக்கிழமை. நாள் தள்ளிப் போயிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம லேப்ல என் ரத்தத்தை நானே சோதிச்சுப் பாத்தேன். ரிப்போர்ட்டை மடிச்சு கையில வச்சுக்கிட்டு ரெண்டு ரெண்டு படியா ஏறி வந்தேன். நீங்க இதைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. 'ஏங்க'ன்னேன். வெரலைத் தூக்குனீங்க."

நாலாவது பாட்டு பாடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது காதில் ஏறவில்லை.

"எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. சரி, பக்கம் முடியட்டும், முடிஞ்சதும் சொன்னா இன்னும் நல்லாருக்கும்னு இங்கதான் உக்காந்தேன். முடிஞ்சுது. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அந்த ஆறு செகண்டு ஏன் அவ்வளவு ஒசத்தின்னு நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. அரை மணி நேரம். அப்புறம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டு நின்னுபோச்சுன்னு போன். ஓடிட்டீங்க."

"திரும்பி வந்தப்புறமாவது..."

"எனக்கு ரோஷம் வந்துருச்சு. என்னமோ சொல்ல வந்தாளே, என்னன்னு அவரா கேக்கட்டும்னு இருந்தேன். இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு. அது என் தப்புதான், வீம்பு. ஆனா நீங்க கேக்கவே இல்லைங்க. பதினோரு நாள்."

"அப்புறம்?"

"பிள்ளை தங்கியிருந்தா ரத்தத்துல ஒரு நம்பர் ரெண்டு நாளைக்கு ஒருதரம் ரெண்டு மடங்காகணும். மறுபடி பாத்தேன். எறங்கியிருந்துச்சு. எனக்கு யாரும் வெளக்கம் சொல்ல வேண்டியிருக்கலை, நம்பர் பாக்குறதுதானே என் பொழப்பு. நேரா வீட்டுக்கு வந்து படுத்துட்டேன்."

மூன்று நாள். வயிற்றுவலி. அவனுக்கு இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தது, போர்வை போர்த்திவிட்டது, தலைமாட்டில் உட்கார்ந்தது. "ஐயோ" என்றான். "நான் இதைத்தானே போட்டேன்."

"ஆமா. இதைத்தான் போட்டீங்க. ஒரு நாளைக்கு நாலு தரம். நான் அழுததைப் பாத்துட்டு, 'உனக்கும் புரிஞ்சிருச்சு பாத்தியா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, குறை சொல்லலை. அந்தப் பாட்டை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் எனக்குத் தெம்பில்லை."

பாட்டு முடிந்து, பக்கமும் முடிந்து, முள் கடைசி வட்டத்தில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்துவைக்க இருவருமே எழவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய் என்னவோ ஆன கதைதான். மூன்று நாள் வரிசை போட்டு, எதைக் கேட்டால் அவள் தங்குவாள் என்று நம்பினானோ, அதையே தேடி எடுத்து அவள் நெஞ்சில் குத்தியிருக்கிறான். பதினோரு நாள் தகப்பனாக இருந்திருக்கிறான். கட்டிலில் கிடந்தவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று நாள் துக்கமும் இருந்திருக்கிறான். எதற்கென்றுதான் தெரியவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். அவள் அழவில்லை. அவளுடையதையெல்லாம் அவள் எப்போதோ அழுது முடித்துவிட்டாள்.

"போகாதம்மா" என்றான். "இனிமே நீ என்ன சொன்னாலும் கேக்குறேன். எப்பச் சொன்னாலும் கேக்குறேன். இந்த எழவையெல்லாம் வித்துப்போடுறேன்."

"கேப்பீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் கேலியில்லை. "ஆனா எனக்குச் சொல்லணும்னு இனிமே ஒண்ணும் இல்லைங்க. இதுதான் இருந்துச்சு. இதையும் சொல்லிட்டேன்."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அவள் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர், ஐந்து மணி என்றால் ஐந்துதான். மேலே வந்து, "என்ன மாப்பிள்ளை, கச்சேரி முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவர், இருவர் முகத்தையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு, ஒரு தடவை செருமிவிட்டு, மெல்லக் கீழே இறங்கிப்போனார்.

அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். "அஞ்சையும் நீங்களே வச்சுக்கங்க. சீட்டெல்லாம் வேணாம்."

"எனக்கு எதுக்கு இது?"

"எனக்கும் வேணாங்க."

வாசல்வரை போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு ஒன்று தோன்றியது. அதைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்டான்.

"பேரு ஏதாவது நெனச்சு வச்சிருந்தியா?"

அவள் கை செருப்பு வாரிலேயே நின்றது. இந்த மதியம் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது அவளுக்கு. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ம். வச்சிருந்தேன்."

அவன் காத்திருந்தான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன பேரு?"

"சொல்லமாட்டேங்க" என்றாள். "இந்த வீட்டுல எல்லாத்தையும் பிரிச்சாச்சு. அது ஒண்ணாவது எங்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படியிறங்கிப் போனாள்.